திறக்கப்படாத பல்லாயிரம் படங்கள்

நம் வீடுகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தேக்கம் வளர்ந்துகொண்டிருக்கிறது. அது அலமாரியை அடைப்பதில்லை. அதன்மேல் தூசி படிவதில்லை. ஆகவே எவரும் அதைக் கவனிப்பதுமில்லை. நிக்காஹ், வலீமா, பெருநாள் காலை, பிள்ளை வைத்த முதல் நோன்பு, ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பெரியவர்களை உறவினர் திரண்டு வழியனுப்பிய நாள் என்று எடுத்துக் குவித்த ஒளிப்படங்கள், எடுத்த நாள் முதல் ஒருமுறைகூடத் திறக்கப்படாமல் வன்தட்டுகளில் கிடக்கின்றன. நல்ல கேமரா வாங்கிய வீடுகளில் இத்தேக்கம் இன்னும் பெரிது. அங்கே படங்கள் 'ரா' எனப்படும் மூலக்கோப்புகளாக எடுக்கப்படுகின்றன. கணினியில் பக்குவப்படுத்தினாலன்றி அவை முழுமையான படமாவதில்லை.

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் சகோதரர்கள் பலருக்கு இந்நிலை நன்கு தெரிந்திருக்கும். ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வருகிறார்கள். தங்கையின் திருமணம், அண்ணன் பிள்ளையின் பெயர்சூட்டு, உறவினர் வீட்டு விருந்துகள் என நாள்கள் ஓடுகின்றன. கேமராவில் மூவாயிரம், நாலாயிரம் படங்கள் சேர்கின்றன. "அங்கே போய்ச் சரிசெய்து அனுப்புகிறேன்" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறார்கள். உம்மா ஊரில் காத்திருக்கிறார். படங்கள் துபாயிலோ ரியாத்திலோ ஓர் அறையின் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அடுத்த விடுப்பு வந்து, அடுத்த நாலாயிரம் படங்களும் சேர்ந்துவிடுகின்றன. முந்தைய படங்கள் இன்னும் வந்து சேர்ந்தபாடில்லை.

நேரமில்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அதை நான் முழுமையாக ஏற்கவில்லை. நம்முடைய வேலையின் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் கருத்து. எந்தப் படம் வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு முன்னரே படத்தைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறோம். முதல் பத்துப் படங்களிலேயே களைத்துப்போய்க் கணினியை மூடுகிறோம். வரிசையை மாற்றிக்கொண்டால், ஒரு திருமணத்தின் ஐயாயிரம் படங்களும் ஒரு வாரத்து மாலை நேரங்களில் முடியக்கூடிய வேலைதான்.

மூலக்கோப்பு என்றால் என்ன?

இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவற்றின் உணரிமீது சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிற வடிகட்டிகள் சதுரம் சதுரமாகப் பரவியிருக்கின்றன. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இதன்படி ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தின் அளவைத்தான் பதிவுசெய்கிறது. மற்ற இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டுத்தான் படம் உருவாக்கப்படுகிறது. ஜேபெக் முறையில் எடுத்தால் இக்கணக்கைக் கேமராவே முடித்துச் சுருக்கித் தந்துவிடும். மூலக்கோப்பாக எடுத்தால் உணரி கண்டதை அப்படியே வைத்து, மீதி வேலையை நம்மிடம் ஒப்படைத்துவிடும்.

இதில் பெரும் நன்மை உண்டு. ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளையே வைத்திருக்கும். 14 பிட் மூலக்கோப்பு 16,384 படிநிலைகளை வைத்திருக்கும். நம் திருமண அரங்குகளை நினைத்துப் பாருங்கள். மேடையில் மஞ்சள் விளக்கு, பின்னால் நிறம் மாறும் அலங்கார விளக்கு, பக்கவாட்டுச் சன்னலில் பகல் வெளிச்சம். மாப்பிள்ளையும் அவரைச் சூழ்ந்த ஆண்களும் வெள்ளை உடையில். அரங்கின் மறுபுறமோ இருள். இத்தகைய வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டையின் மடிப்புகளை மீட்கவும், முகத்தின் இயல்பான நிறத்தைக் கொண்டுவரவும் மூலக்கோப்பு இடம் தருகிறது.

அதற்கான விலை கோப்பின் அளவு. 24 மெகாபிக்சல் கேமராவின் மூலக்கோப்பு ஒன்று ஏறக்குறைய 25 மெகாபைட் என்று கொண்டால், ஐயாயிரம் படங்கள் 125 ஜிகாபைட்டை எட்டும். கூகுள் கணக்குடன் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட்டில் இவை அடங்கா. போதாததற்கு, உறவினர்களின் கைப்பேசிகள் பலவற்றில் இக்கோப்புகள் திறப்பதுமில்லை. பக்குவப்படுத்தாத மூலக்கோப்பு வீட்டாருக்கு இல்லாத படத்துக்குச் சமம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஐயாயிரம் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, இரண்டு நிமிடம் செலவிட்டுத் திருத்துவதாக வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் நிமிடங்கள் ஆகும். அதாவது 166 மணி நேரத்துக்கும் அதிகம். இஷாவுக்குப் பிறகு நாள்தோறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 83 நாள்கள் வேண்டும். வேலைக்குச் சென்று திரும்பும் எவராலும் இது முடியாது.

இப்போது வரிசையை மாற்றுவோம். ஐயாயிரம் படங்களையும் தலா மூன்று வினாடி பார்த்து, வேண்டும் அல்லது வேண்டாம் என்று மட்டும் குறித்தால் நாலேகால் மணி நேரத்துக்குள் முடியும். அதில் நானூறு படங்கள் தேறுகின்றன என்று கொள்வோம். ஒரே வெளிச்சத்தில் எடுத்தவற்றைச் சேர்த்தால் பன்னிரண்டு தொகுதிகள் வரலாம். தொகுதிக்கு ஒரு படத்தைப் பத்து நிமிடம் கவனித்துத் திருத்தினால் இரண்டு மணி நேரம். அந்தத் திருத்தத்தைத் தொகுதியின் மற்றப் படங்களுக்கு நகலெடுத்த பின், நானூறையும் தலா இருபது வினாடி சரிபார்த்தால் மேலும் இரண்டேகால் மணி நேரம். ஆக மொத்தம் எட்டரை மணி நேரம். 83 மாலைகள் ஐந்து மாலைகளுக்குள் சுருங்கிவிட்டன. இதற்குப் புதிய கணினியோ விலையுயர்ந்த மென்பொருளோ காரணமில்லை. தேவையற்ற படங்களைத் திருத்தாமல் விட்டோம், அவ்வளவே.

செய்யும் முறை

முதலாவது, பாதுகாப்பு. படங்களைத் தொடும் முன்னர் அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து, தனியான வேறொரு வன்தட்டில் இன்னொரு நகல் எடுத்துவிட வேண்டும். ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 விதி எளியது: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். வெளிநாட்டில் பணிபுரியும் குடும்பங்களுக்கு இது இயல்பாகவே அமையும். ஒரு நகல் அவரிடமும் ஒரு நகல் ஊரிலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நகல்களைத் திறந்து சரிபார்த்த பிறகே மெமரி கார்டை அழிக்க வேண்டும்.

இரண்டாவது, விரைவான தெரிவு. பலருடைய பொறுமை இங்கேதான் தீர்ந்துபோகிறது. படம் ஒவ்வொன்றும் திரையில் தெளிவாவதற்கு மூன்று, நான்கு வினாடிகள் ஆகும். மூலக்கோப்பைக் கணினி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுவதே காரணம். ஆனால் பொதுவாக ஒவ்வொரு மூலக்கோப்பின் உள்ளேயும் கேமராவே உருவாக்கிய சிறிய ஜேபெக் முன்தோற்றம் ஒன்று பொதிந்திருக்கிறது. போட்டோ மெக்கானிக் போன்ற மென்பொருள்கள் அதையே எடுத்துக் காட்டுவதால் படங்கள் நொடியில் புரளும். லைட்ரூமிலும் உள்ளே பொதிந்த முன்தோற்றத்தைப் பயன்படுத்தும் வசதி உண்டு. கட்டணமின்றிக் கிடைக்கும் டிஜிகாம், டார்க்டேபிள் ஆகியவற்றிலும் முன்தோற்றங்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். இரவு தூங்கும் முன் அந்த வேலையைக் கணினியிடம் விட்டுவிட்டால் காலையில் எல்லாம் தயாராக இருக்கும்.

தெரிவு செய்யும்போது சுட்டியைத் தொட வேண்டாம், விசைப்பலகையே போதும். ஒரு விசை 'வேண்டும்', ஒரு விசை 'வேண்டாம்', ஒரு விசை அடுத்த படம். இந்தச் சுற்றில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதும், ஐந்து நட்சத்திரமா நான்கு நட்சத்திரமா என்று எடைபோடுவதும் கூடாது. தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களில் ஒன்று போதும். நிக்காஹ் பதிவேட்டில் மாப்பிள்ளை கையொப்பமிடும் காட்சி பதினெட்டு முறை எடுக்கப்பட்டிருந்தாலும், பேரப்பிள்ளைகள் பார்க்கப்போவது ஒன்றையோ இரண்டையோதான்.

மூன்றாவது, வெளிச்சத்தின்படி பிரித்தல். ஒரே மேடை, ஒரே விளக்கு, ஒரே நேரம் என்றால் ஒரே திருத்தம். தொகுதியின் ஒரு படத்தில் வெண்சமநிலையையும் வெளிச்ச அளவையும் ஒழுங்குபடுத்தி, அதை மற்றவற்றுக்கு ஒரே கட்டளையில் நகலெடுக்க வேண்டும். மூலக்கோப்பு மென்பொருள்கள் மூலத்தை மாற்றுவதில்லை. திருத்தக் குறிப்புகளைத் தனியே எழுதி வைக்கின்றன. எனவே தவறாகிவிடுமோ என்ற அச்சம் வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் தொடக்க நிலைக்குத் திரும்பலாம்.

நான்காவது, தனிக் கவனம். நானூறில் மிகச் சிறந்த இருபது படங்களுக்கு மட்டும் தனித்தனியாக நேரம் கொடுங்கள். சட்டமிட்டு மாட்டக்கூடியவை அவையே.

ஐந்தாவது, வெளியீடு. கைப்பேசியில் பார்ப்பதற்கு நீண்ட பக்கம் 2048 புள்ளிகள் கொண்ட ஜேபெக் போதுமானது. அச்சிட வேண்டியவற்றை முழு அளவில் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் மேலும் சுருக்கப்படுகிறது. கோப்பினுள் எழுதிய தேதி, பெயர் போன்ற குறிப்புகளும் நீங்கிவிடுகின்றன. முக்கியமான படங்களை ஆவணமாக அனுப்புவதே சரி.

எதிலிருந்து தொடங்குவது?

ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தேக்கத்தைப் பழையதிலிருந்து வரிசையாக முடிக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். புதியதிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும் என்பது வேறு சிலரின் முறை. எனக்கு மூன்றாவது ஒரு வழி சரியென்று படுகிறது. குடும்பத்தின் முதியவர்கள் இருக்கும் படங்களை முதலில் எடுக்க வேண்டும்.

படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதுதான் அந்தப் படம் முழுமையாகிறது. வலீமா விருந்தில் வாப்பாவின் அருகே அமர்ந்திருக்கும் அந்தப் பெரியவர் யார்? அவர் வாப்பாவுடன் கொழும்பில் கடை நடத்தியவரா, பினாங்கில் ஒரே அறையில் தங்கியவரா? உம்மாவைக் கட்டிப்பிடித்து அழும் அந்தப் பெண்மணி எந்த வழியில் நமக்கு உறவு? வாப்பும்மாவிடம் கேட்டால் மூன்று தலைமுறை உறவையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அவரும் போன பிறகு அந்த முகங்கள் பெயரில்லாத முகங்களாகிவிடும். நிறத்தைப் பத்து ஆண்டுகள் கழித்தும் திருத்தலாம். பெயரை அப்படிப் பிறகு சேர்க்க இயலாது.

முதியவர் ஒருவர் மறைந்த வீட்டில் அவருடைய நல்ல படம் ஒன்றைத் தேடி அலையும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். வெளியூரில் இருக்கும் மகனின் வன்தட்டில் அவர் சிரித்த முகத்தோடு இருக்கும் படங்கள் நிச்சயமாக இருக்கும். எந்தக் கோப்புறையில் என்று மகனுக்கே தெரியாது. கடைசியில் குடும்ப அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வருகிறார்கள்.

நியூயார்க் தெருக்களைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற கேரி வினோகிராண்ட் 1984-இல் மறைந்தபோது, கழுவப்படாத படச்சுருள்கள் மட்டும் சுமார் 2,500 எஞ்சியிருந்தன. சுருளுக்கு 36 படங்கள் என்று கொண்டால் ஏறத்தாழ 90,000 படங்கள், எடுத்தவரே பார்க்காதவை. கழுவியும் தெரிவு செய்யாமல் விட்டவை இன்னும் பல்லாயிரம். எடுத்த வேகத்தின் பரபரப்பு அடங்கிய பிறகு பார்த்தால்தான் நல்ல படம் எது என்று நிதானமாகத் தெரியும் என்பதால், அவர் வேண்டுமென்றே காலம் தாழ்த்திக் கழுவும் வழக்கமுடையவர். அந்த எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் தாமதத்துக்கு ஓர் எல்லை இல்லாதபோது, தெரிவு செய்யும் உரிமை நம் கையை விட்டுப் போய்விடுகிறது. அவருடைய படங்களைக் கழுவிப் பார்த்துத் தெரிவு செய்ய ஓர் அருங்காட்சியகமும் அறிஞர்களும் இருந்தார்கள். நம் வீட்டுப் படங்களுக்கு அப்படி யார் வரப்போகிறார்கள்?

சில மறுப்புகள்

"சேமிப்பு இடம் மலிந்துவிட்டது, ஏன் அழிக்க வேண்டும், எல்லாம் இருக்கட்டுமே" என்பது பொதுவான வாதம். இடம் மலிவுதான், பார்ப்பவரின் நேரம் மலிவன்று. ஐயாயிரம் படங்களை அப்படியே பிள்ளைகளிடம் கொடுப்பது, தெரிவு செய்யும் சுமையை அவர்கள் தலையில் ஏற்றுவதாகும். நாமாவது அந்த விருந்தில் இருந்தோம். அவர்களுக்கு அதுவும் இல்லை. தெரிவாகாதவற்றை ஒரு மாதம் தனிக் கோப்புறையில் வைத்திருங்கள். எவரும் கேட்காவிட்டால் அழித்துவிடுங்கள்.

"இப்போது இயந்திரமே நல்ல படங்களைத் தெரிவு செய்கிறதே" என்பது இன்னொரு வாதம். கண் மூடிய படங்களையும் மங்கலான படங்களையும் பிரித்துக் காட்டுவதில் அத்தகைய மென்பொருள்கள் உதவக்கூடும். ஆனால் சற்று மங்கலான அந்த ஒரு படத்தில்தான் பெரியவாப்பா கடைசியாக எழுந்து நின்றார் என்பது அதற்குத் தெரியாது. குவியம் சரியில்லை என்று அது ஒதுக்கும். அதைக் கைநீட்டி எடுக்க வீட்டார் ஒருவரின் கண் வேண்டும்.

இதைவிடக் கவலைக்குரிய ஒன்றும் உண்டு. சில செயலிகள் நம் படங்களைத் தம் சேவையகத்துக்கு ஏற்றிக்கொண்ட பிறகே வேலை செய்கின்றன. திருமண வீட்டில் பெண்கள் பகுதியில், பெண் ஒளிப்படக்காரரைக் கொண்டு நம்பி எடுத்த படங்களும் அவற்றில் இருக்கும். அப்படங்கள் அமானிதம். படமெடுக்க அனுமதித்த பெண்கள், அது எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில் தங்க அனுமதிக்கவில்லை. ஆல்பம் அச்சிடும் கடையின் கணினியில் பல மாதங்கள் கிடக்கவும் அனுமதிக்கவில்லை. இவற்றைத் தெரிவு செய்யும் வேலையை வீட்டின் ராத்தாவோ சாச்சியோ, இணையமின்றி இயங்கும் மென்பொருளில், வீட்டுக் கணினியிலேயே செய்து முடிப்பதே முறை. டிஜிகாமும் டார்க்டேபிளும் அவ்வாறு இயங்குபவை. தெரிவு விரைவாக முடிந்து, மற்றவை அழிக்கப்படுவது இங்கே ஒரு வசதி மட்டுமல்லாமல் கடமையும் ஆகிறது. ஒளிப்படக்காரரிடமும் எத்தனை நாளில் தம்மிடமுள்ள பிரதிகளை அழிப்பார் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் மூலக்கோப்பாக எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதே என் துணிபு. 2020-இல் வந்த ஐபோன் 12 புரோ முதல் கைப்பேசிகளிலும் ஆப்பிளின் மூலக்கோப்பு வசதி வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் அது 2014 முதலே உண்டு. வசதி இருக்கிறது என்பதற்காகப் பெருநாள் காலையில் பிள்ளைகள் இனிப்பு உண்பதையெல்லாம் 25 மெகாபைட் கோப்பாக எடுப்பது தேக்கத்தை நாமே அழைப்பதாகும். நல்ல பகல் வெளிச்சத்தில் ஜேபெக் மிக நன்றாகவே வரும். அரங்கு விளக்கு, இரவு, எதிர்வெளிச்சம் போன்ற இக்கட்டான இடங்களுக்கு மட்டும் மூலக்கோப்பை வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒருங்கே பதிவுசெய்யும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு. ஜேபெக்கை அன்றிரவே உறவினருக்கு அனுப்பிவிட்டு, மூலக்கோப்புகளை நிதானமாகப் பார்க்கலாம்.

இனி எடுப்பவற்றுக்கும் ஒரு விதி தேவை. ஒரு நிகழ்ச்சியின் தெரிவு முடியும் முன்னர் அடுத்த நிகழ்ச்சியின் படங்களைக் கணினியில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நகல் மட்டும் எடுத்து வைத்தால் போதும். இந்த ஒரு கட்டுப்பாடு, தேக்கம் மேலும் வளராமல் தடுத்துவிடும்.

சகோதர சகோதரிகளே, இந்த வாரமே ஒரே ஒரு கோப்புறையைத் திறந்து தொடங்கலாம். வீட்டின் மூத்தவர் இருக்கும் நிகழ்ச்சியாக அது இருக்கட்டும். ஐந்து மாலைகள் ஒதுக்கி நானூறு படங்களைத் தெரிவு செய்யுங்கள். அவற்றில் நூறை அச்சிட்டு ஓர் ஆல்பமாக்குங்கள். பிறகு உம்மாவின் பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, அவர் சொல்லும் பெயர்களைப் படத்தின் கீழே எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் காணொலி அழைப்பிலேனும் இதைச் செய்யலாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த விடுப்பில் ஊர் வரும்போது உம்மா படங்களைக் கேட்கமாட்டார். வந்தவர்களுக்கு ஆல்பத்தை எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பார்.